கருநீர் ஆறும் கரசேவையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

     

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். சென்ற ஆண்டு சிலம்பைப் பற்றிக் கேட்டோம். அதற்கு முந்திய ஆண்டு கம்பனைப் பற்றிக் கேட்டோம். இவ்வாண்டு சாக்கடையைப் பற்றிப் பேசுமாறு செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது. விருந்துக்கு முன் பேசத்தக்க பொருளா இது என்று முகம் சுளிப்பவர் இருக்கலாம். விருந்து முடிந்த பின் பேசுவது அதனினும் கொடிது என்பதனால்தான் முன்னரே பேச வந்தோம்.

நாம் வாழும் இந்தக் கபூர்தலா மாவட்டத்தின் ஊடே ஒரு சிற்றாறு ஓடுகிறது. 'காலி பேயீன்' என்பது அதன் பெயர். காலி என்றால் பஞ்சாபி மொழியில் கருமை. நம் செவிக்கோ அச்சொல் வெறுமையைக் குறிக்கும். 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்த ஆற்றைக் கண்டவர்கள், இரு பொருளும் அதற்குப் பொருந்தின என்றே சொல்லுவார்கள். நீர் நின்ற இடத்தில் கருமை. நில்லாத இடத்தில் வெறுமை. ஓஷியார்பூர் மாவட்டத்துச் சதுப்பு நிலங்களின் ஊற்றுகளில் பிறந்து, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நெளிந்து வளைந்து நடந்து, பியாசும் சட்லெஜும் கூடுகின்ற ஹரிகேக்கு அருகில் பெருநீரில் கலக்கிறது. பனிமலையில் தோன்றும் பேராறு அன்று இது. ஊற்றையும் மழையையும் நம்பி வாழும் ஏழை ஆறு. ஏழையின் உடலில் நோய் விரைந்து பரவுவது போல, இத்தகைய ஆறு கெடுவதும் விரைவில் நிகழும்.

ஆனால் இந்த ஏழை ஆற்றுக்கு வாய்த்த பெருமை எத்தனையோ பேராறுகளுக்கு வாய்க்கவில்லை. 1469இல் தோன்றிய குருநானக், தம் தமக்கையார் நானகியும் மைத்துனர் ஜெயராமும் வாழ்ந்த சுல்தான்பூர் லோதிக்கு இளமையில் வந்து, நவாப் தௌலத்கான் லோதியின் பண்டகசாலையில் பணி ஏற்றார். தானியத்தை அளந்து கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. ரயில் அலுவலகத்தில் பேரேடும் சரக்குச் சீட்டும் புரட்டுகின்ற எங்களைப் போன்ற கணக்கர்களுக்கு இச்செய்தியைக் கேட்டவுடன் அவர்மீது ஒரு தனி உரிமையே தோன்றிவிடுகிறது! அளக்கும்போது பதின்மூன்று என்ற எண் வந்ததும் மேலே செல்லாமல் அதனையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அளந்தார் என்பர். பதின்மூன்றைக் குறிக்கும் 'தேரா' என்ற பஞ்சாபிச் சொல்லுக்கு 'நின்னது' என்றும் பொருள் உண்டு. பண்டகசாலை கொள்ளை போகிறது என்று கோள் சொன்னார்கள்; நவாப் கணக்கைச் சோதித்தார்; ஒரு குறையும் இல்லை. தணிக்கை என்பது எக்காலத்திலும் இருந்திருக்கிறது போலும்.

அந்த நானக், 1500ஆம் ஆண்டை ஒட்டி ஒரு வைகறையில் பேயீன் ஆற்றில் நீராட இறங்கினார். மூன்று நாள் அவரைக் காணவில்லை. மூன்றாம் நாள் கரையேறியபோது இந்து என்றும் முசல்மான் என்றும் வேற்றுமை இல்லை என்று அறிவித்தார் என்பது சீக்கியர் போற்றும் வரலாறு. அவர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் இலந்தை மரத்தின் பெயரால் பேர் சாகிப் குருத்துவாரம் இன்றும் அக்கரையில் விளங்குகிறது.

இவ்வளவு புனிதமான நீரை மக்கள் எவ்வாறு காத்தார்கள்? கரையில் இருந்த 6 நகரங்களும் 40க்கு மேற்பட்ட ஊர்களும் தம் கழிவையெல்லாம் அதிலே கொட்டின. கரையில் நின்று கைகூப்புவதும், வீட்டிற்குச் சென்று சாக்கடையை அதே ஆற்றில் திருப்புவதும் ஒருங்கே நடந்தன. இதனைப் பஞ்சாபியரின் குறை என்று எண்ணிவிட வேண்டா. கூவத்தை அறிந்த நாம் இதில் வாய் திறக்க இயலுமா?

கழிவு கலந்தால் ஆறு எவ்வாறு சாகிறது என்பதைச் சிறிது விளக்குவோம். நீரில் கரைந்திருக்கும் உயிர்க்காற்றை மீன் சுவாசிக்கிறது. கழிவு வந்து கலந்ததும் அதனைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. அவையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. பந்தியில் ஐம்பது பேருக்குச் சமைத்த இடத்தில் ஐந்நூறு பேர் அமர்ந்தால் என்ன ஆகும்? முதலில் மீன் சாகிறது. பின்னர்க் காற்றில்லாமல் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் மட்டும் எஞ்சி, நீர் கறுத்து நாறுகிறது. கோடையில் நீர் வெப்பம் அடைவதால் அதில் கரையக்கூடிய காற்றும் குறைகிறது. ஆகையால்தான் சித்திரை வைகாசியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. நீராடுதற்கு உரிய நீரில், ஒரு லிட்டருக்குக் கரைந்த உயிர்க்காற்று 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், நுண்ணுயிர்களின் காற்றுத் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்று நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்திருக்கிறது.

அதனோடு ஆகாயத்தாமரையும் வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. ஊதாப் பூவைப் பார்த்தால் கவிதை பாடத் தோன்றும். ஆற்றில் இறங்கி அதனை இழுத்துப் பார்த்தால் கவிதை மறந்துபோகும். தகுந்த உரம் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இருமடங்காகப் பெருகும். சாக்கடையைவிடச் சிறந்த உரம் அதற்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆற்றின் மேல் பச்சைக் கம்பளம் விரித்து, வெயிலையும் காற்றையும் உள்ளே விடாமல் மறித்துக்கொண்டது. கீழே வண்டல் படிந்து படிந்து ஆற்றின் வழியே அடைபட்டது. அதன் விளைவு விந்தையானது. மேற்பகுதியில், தசூயா பக்கத்து வயல்களில், வடிய வழியின்றி நீர் தேங்கிப் பயிர் அழுகிற்று; கீழ்ப்பகுதியிலோ ஆறு வறண்டு கிணறுகள் இறங்கின. ஒரே ஆறு ஓரிடத்தில் மிகுதியாலும் மற்றோரிடத்தில் குறையாலும் உழவரை வருத்திற்று.

இந்நிலையில்தான் 2000ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் துறவியார் ஆற்றில் இறங்கினார். இறங்கினார் என்பதை அணியாகச் சொல்லவில்லை; மார்பளவு சேற்றில் மெய்யாகவே இறங்கினார். ஜலந்தர் மாவட்டத்துச் சீச்சேவால் அவர் ஊர். அதற்கு முன்னர் ஊர்களை இணைக்கும் சாலைகளைத் தொண்டர்களைக் கொண்டு செப்பனிட்டு வந்ததால், சாலைச் சாமியார் என்னும் பொருள்பட அவரை மக்கள் அழைத்தனர். அரசுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு அவர் காத்திருக்கவில்லை. கரசேவைக்கு வாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார்.

கரசேவை என்பது சீக்கியரிடையே வழிவழி வந்த முறை. அமிர்தசரசுப் பொற்கோயிலின் திருக்குளத்தை 1923இலும் 1973இலும் தூர் எடுத்தபோது, செல்வர் வறியர் என்னும் வேற்றுமையின்றிப் பெருந்திரளான மக்கள் கூடைச் சேற்றைத் தலையில் சுமந்தார்கள். திருக்குளத்துக்குச் செய்த தொண்டை ஆற்றுக்கும் செய்வோம் என்றார் சீச்சேவால். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. சுகாதாரம் என்று சொல்லியிருந்தால் நூறு பேர் வந்திருப்பார்கள். குரு நீராடிய நீர் என்று சொன்னதால் ஊர்களே திரண்டு வந்தன. உழவர் இழுவை வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்ச் செலவை ஏற்றவர் சிலர். அயல்நாட்டில் வாழும் பஞ்சாபியர் பொருள் அனுப்பினர். பெண்கள் ரொட்டி சுட்டு அடுக்கினர். ஆகாயத்தாமரையை வாரினர், வண்டலை அள்ளினர், கரை உயர்த்திப் பாதை போட்டு மரம் நட்டனர், படித்துறை கட்டினர்.

நம் சங்கத்திலிருந்து நாங்கள் பன்னிருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் சுல்தான்பூர் லோதிக்குச் சென்று, ஒரு நாள் அத்தொண்டில் ஈடுபட்டோம். மேலிருந்து பார்த்தால் இலேசான செடி. இழுத்தால் நீரைக் குடித்த வேரோடு ஒரு மூட்டைக் கனம். கரையில் போட்டால் போதும் என்று எண்ணினோம். அருகில் நின்ற முதியவர் ஒருவர், "மகனே, இன்னும் பத்து முழம் தள்ளிப் போடு, அடுத்த மழைக்கு அது உனக்கு முன்னே ஆற்றில் இறங்கிவிடும்" என்றார். நண்பகலில் எங்களுக்கு இட்ட ரொட்டியும் பருப்பும் மோரும் எந்த விருந்துக்கும் தாழ்ந்தவை அல்ல. சோற்றுக்கு ஏங்கும் நம் நாக்கும் அன்று வாய் திறக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

சேற்றை அள்ளினால் மட்டும் ஆறு பிழைக்குமா? சாக்கடை வந்துகொண்டேயிருந்தால் அள்ளிய இடம் மறுபடியும் நிறையும். இதனை உணர்ந்து சீச்சேவால் செய்த ஏற்பாடே எங்கள் கருத்தில் கரசேவையினும் பெரிது. முதலில் தம் ஊரிலேயே செய்து காட்டினார். வீடுகளின் கழிவுநீரைத் தரைக்கடியில் குழாய் வழியாக ஊர்ப்புறத்துக்குக் கொண்டு சென்று, அடுத்தடுத்துள்ள தொட்டிகளில் விடுகிறார்கள். கனமானவை அடியில் தங்குகின்றன. எண்ணெயும் நுரையும் மேலே மிதந்து பிரிகின்றன. தெளிந்த நீர் ஒரு பெரிய குளத்துக்குச் சென்று வெயிலில் கிடக்கிறது. அங்கே பாசி வெயிலைக் கொண்டு உயிர்க்காற்றை உண்டாக்க, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பின்னர் அந்நீரை மோட்டார் வைத்து வயலுக்கு இறைக்கிறார்கள். ஆற்றில் விழுந்தால் ஆகாயத்தாமரைக்கு உரமாவது எதுவோ, அதுவே வயலில் கோதுமைக்கு உரமாகிறது. உழவர்க்கு உரச் செலவு குறைகிறது. நிலத்தடி நீரை இறைப்பதும் குறைகிறது. கங்கைக் கரை ஊர்களுக்கும் இம்முறையைக் கொண்டு செல்ல நடுவண் அரசினர் முயன்றனர்.

இம்முறைக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இது வீட்டுக் கழிவுக்கு ஏற்றது. தொழிற்சாலைக் கழிவுக்கு ஏற்றது அன்று. தோல் பதனிடும் இடத்துக் குரோமியமும் சாயப்பட்டறை நீரும் குளத்தில் கிடந்தால் தெளியா. வயலுக்குப் பாய்ந்தால் தானியத்தில் ஏறும். ஜலந்தரின் காலா சங்கியான் வடிகாலும், லூதியானாவின் புட்டா நாலாவும் அதனால்தான் இன்னும் தீராத நோயாக இருக்கின்றன. அவற்றுக்கு மண்வெட்டி போதாது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை அஞ்சாமல் செயற்படுத்தும் அதிகாரி வேண்டும்.

மக்கள் இறங்கிய பின் அரசும் இறங்கிவந்தது. கரையிலுள்ள நகரங்களில் கழிவுநீர்த் துப்புரவு நிலையங்கள் எழுந்தன. பியாஸ் நீரைக் கால்வாய் வழியாகப் பேயீனுக்கு விட ஏற்பாடு நடந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அன்று குடியரசுத் தலைவராக இருந்த நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் சுல்தான்பூர் லோதிக்கு நேரில் வந்து இப்பணியைக் கண்டு பாராட்டினார். கடலால் சூழப்பட்ட தீவில் பிறந்த தமிழர் ஒருவர் பஞ்சாபின் சிற்றாற்றங்கரையில் நின்ற அக்காட்சியை நம் சங்கத்தின் மூத்தவர்கள் இன்றும் பேசி மகிழ்கிறார்கள். சீச்சேவாலுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2022இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார்.

ரயில்வேயில் பணிபுரியும் நம்மவர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று. 2019 ஆகஸ்டில் சட்லெஜில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தபோது, உடைப்பை அடைக்கவும் இத்தொண்டர்களே முன்னின்றார்கள். பின்னர், ஜலந்தர்–பிரோஸ்பூர் தடத்தில் கித்தர்பிண்டி ரயில் பாலத்தின் கண்களை அடைத்திருந்த வண்டலை அள்ளும் பணியையும் மேற்கொண்டார்கள். பாலத்தின்மேல் நம் வண்டி செல்கிறது. பாலத்தின்கீழ் அவர்கள் மண் சுமந்தார்கள்.

இவ்வளவும் சொன்னதைக் கேட்டு, ஆறு முற்றும் தூய்மையாகிவிட்டது என்று கருதிவிட வேண்டா. பணி தொடங்கிய பின்னரும் நீர்வரத்துக் குறைந்து கழிவு மிகுந்த காலங்களில் பேயீனில் மீன்கள் செத்து மிதந்தது உண்டு. எந்தக் குழாய் எந்த இரவில் திறக்கப்படுகிறது என்பதை எல்லாம் சாமியார் ஒருவரே காவல் காக்க முடியுமா? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

நம்மில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் வாழ்கின்ற குடியிருப்பின் பின்புறம் ஒரு வடிகால் செல்வதை எல்லோரும் அறிவீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதுதான்! அது எங்கே போகிறது என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. சென்ற மார்கழியில் எங்கள் குழுவினர் அதன் ஓரமாகவே நடந்து சென்று பார்த்தோம். இரண்டு வயல்வெளி, ஒரு செங்கற் சூளை, ஒரு மதகு, அதற்கப்பால் பேயீன். நாம் கழுவி ஊற்றிய சாம்பாரும் சவுக்காரமும் குருநானக் நீராடிய ஆற்றுக்குத்தான் செல்கின்றன. சாம்பார் போனால் போகட்டும். மலத்தொட்டிகளைத் துப்புரவு செய்ய வரும் லாரி ஒன்று, நம்மிடம் கூலி பெற்றுக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல் அந்த மதகிலேயே கவிழ்த்துவிட்டுச் செல்வதையும் கண்டோம். லாரிக்காரரின் பெயரை இந்த மேடையில் சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? நாம்தாம்.

இதனைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது, "வந்த இடத்தில் வம்பு எதற்கு? ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போகப் போகிறவர்கள் நாம்" என்றார் பெரியவர் ஒருவர். அவர் சொல்லில் அனுபவம் இருந்தது. மொழி தெரியாத ஊரில் வழக்கு என்று வந்தால் யார் துணை என்னும் அச்சமும் இருந்தது. அதனை எள்ளி நகையாட நாங்கள் விரும்பவில்லை. ஆயினும் நம்மில் பலர் இங்கே இருபது ஆண்டு கடந்தவர்கள். நம் பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டையிடுவது பஞ்சாபியில்! நாம் குடிப்பது இந்த நிலத்தடி நீரை. ஆறு கெட்டால் அதன் ஓரத்துக் கைக்குழாயும் கெடும். குழாய்க்குத் தமிழன் என்றும் பஞ்சாபி என்றும் தெரியாது.

மேலும் கரசேவை நமக்குப் புதிதா? குடிமராமத்து என்று நம் நாட்டில் வழங்கியது வேறென்ன? பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததைச் சொல்லுகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்காலைத் தூர்வாருவது ஊர் வழக்கமாக இருந்தது. 1858இல் அவ்வழக்கத்தை மதராஸ் அரசு சட்டமாக்கி, வாராதவர்க்குத் தண்டம் விதித்தது. எங்கள் எண்ணம் என்னவென்றால், தண்டம் என்று சொன்னதும் தொண்டு போயிற்று. பஞ்சாபியர் அதற்கு மாறாக, வந்தவர்க்கு உணவு இட்டார்கள்! 2017இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பெயரை மீண்டும் எடுத்தது. நம் ஊர்களில் அது எவ்வளவு வேரூன்றும் என்பதை விடுமுறைக்குச் செல்லும் நீங்களே கண்டு வந்து சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. நகராட்சிக்கு விண்ணப்பம் ஒன்று பஞ்சாபியிலேயே எழுதி ஆயத்தமாக வைத்திருக்கிறோம். மதகின் படமும் லாரி வந்த நாட்களும் அதில் உண்டு. நுழைவாயில் மேசையில் இருக்கிறது. கையொப்பம் இடுவோர் தமிழில் இட்டாலும் செல்லும். துப்புரவு நிலையத்துக்குக் கொண்டு சென்றதற்குச் சீட்டுக் காட்டும் லாரிக்கே இனிக் கூலி தருவது என்று முப்பத்தெட்டுக் குடும்பங்களில் இருபத்தொன்பது குடும்பங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் வீட்டுக்கு முந்நூறு ரூபாய் மிகுதியாகும், மறைக்கவில்லை. எஞ்சிய ஒன்பது குடும்பத்தாரும் இந்த அவையில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்!

இன்றைய விருந்துக்கு இவ்வாண்டு பிளாஸ்டிக் தட்டு இல்லை; குருத்துவாரத்தார் அன்போடு இரவல் தந்த எவர்சில்வர்த் தட்டுகள் உள்ளன. உண்டபின் அவரவர் தட்டை அவரவரே கழுவி, எண்ணி அடுக்க வேண்டும். முந்நூற்று இருபது தட்டுகள் நாளைக் காலை திரும்பிச் சேர வேண்டும். கணக்கு எங்கள் பொறுப்பு.

அடுத்த ஞாயிறு சுல்தான்பூர் லோதிக்கு மறுபடியும் செல்கிறோம். காலை வண்டிக்கு நிலையத்தில் கூடலாம். மண்வெட்டி அங்கே கிடைக்கும். முழங்கால் வரை எட்டும் ரப்பர்ச் செருப்பு மட்டும் கொண்டு வாருங்கள். பெயர் தர விரும்புவோர் விண்ணப்பத்தின் அருகிலேயே உள்ள குறிப்பேட்டில் எழுதலாம்.